கார்த்திகை மழையும் காகித ஒட்டகமும்

மார்கழின்னா எல்லாருக்கும் கோலமும் பஜனையும் வெண்பொங்கலும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு ஒரு ஒட்டகம் ஞாபகத்துக்கு வரும். காகித ஒட்டகம்.

சின்ன வயசுல பக்கத்து வீட்டு அக்கா டிசம்பர் பொறந்ததும் கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஆரம்பிச்சுடுவாங்க. தெருப் பிள்ளைங்க நாங்கதான் எடுபிடி. ஒரு வருஷம் மூணு ராஜாக்களோட ஒட்டகத்தை நான் கை தவறிக் கீழே போட்டுட்டேன். கால் ஒண்ணு ஒடிஞ்சு போச்சு. உள்ளே பார்த்தா மண்ணும் இல்லை, மரமும் இல்லை. சாம்பல் நிறத்துல காகிதக் கூழ்!

அதே மாதிரி இன்னொண்ணு வாங்கலாம்னு அக்கா பொம்மை செய்யறவங்ககிட்ட போய்க் கேட்டாங்க. "மழையில வந்து கேட்டா எப்படிம்மா? வெயில் காலத்துலயே சொல்லியிருக்கணும்"னு சொல்லிட்டாங்களாம். கிறிஸ்துமஸுக்கு எதுக்கு வெயில் காலத்துல சொல்லணும்? அப்போ எனக்குப் புரியல. புரியறதுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர், பத்துக்கண்ணு வழியாகப் போனால் சுமார் 25 கிலோமீட்டரில் திருக்கனூர். மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த ஊர். அதைத் தாண்டிக் கொஞ்சம் போனால் தமிழ்நாடு வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி இப்படித்தான் துண்டு துண்டாகக் கிடந்தது. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். ஆனால் ஒரு வார்த்தையை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

"பப்பியே மாஷே". பிரெஞ்சில் 'மென்ற காகிதம்' என்று அர்த்தம். திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளுக்கு இன்னைக்கும் அதுதான் பெயர். இந்தக் கலையே பிரெஞ்சுக்காரர் காலத்தில் வந்ததாகத்தான் சொல்கிறார்கள்.

இதில் ஒரு சுவாரசியம் பாருங்க. நாட்டின் அந்தக் கோடியில் இருக்கும் காஷ்மீரிலும் இதே பிரெஞ்சுப் பெயர்தான். ஆனால் அங்கே கலை பாரசீகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சால்வை வாங்க வந்த பிரெஞ்சு வியாபாரிகள் வழியாகப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது என்பார்கள். அங்கே டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் கடுங்குளிர், 'சில்லை கலான்' என்று பெயர். காங்கிரி என்ற கணப்புச் சட்டியை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தீட்டலாம். வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் மரங்களுக்கான காகிதக்கூழ் உருண்டைகளும் நட்சத்திரங்களும் அங்கிருந்துதான் நிறைய போகின்றன.

நம்ம ஊர்க் குளிர்காலம் அப்படியா? நமக்கு அது மழைக்காலம். புதுச்சேரியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இங்கேதான் சிக்கல்.

காகிதக்கூழ் பொம்மை செய்கிற விதத்தைக் கவனியுங்கள். வேண்டாத காகிதத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு அரைக்க வேண்டும். சுண்ணாம்புத் தூள், பசை, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்த்துப் பிசைந்து அச்சில் அழுத்தணும். முன்பக்கம் ஒரு பாதி, பின்பக்கம் ஒரு பாதி. எடுத்துக் காயவைத்து, ரெண்டையும் ஒட்டி, மறுபடி காயவைத்து, தேய்த்து, வெள்ளை பூசி, அதுவும் காய்ந்த பிறகுதான் வர்ணம். எத்தனை தடவை 'காய' வந்தது பாருங்க! வெயில்தான் இந்தத் தொழிலின் அடுப்பு.

மண் வேலைக்கும் இதே கதைதான். வில்லியனூர் சுடுமண் பொம்மைகள் பேர் போனவை. ஈரம் போகாத மண்ணைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும்.

ஆனால் வாங்குகிற நாம் எப்போது வருகிறோம்? கொலு புரட்டாசியில். அகல் விளக்கு கார்த்திகையில். குடில் டிசம்பரில், அதுவும் ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் வரை. கையோடு பொங்கல் பானை. வெயில் குறையக் குறையத்தான் நமக்குப் பண்டிகை. அவர்கள் சித்திரை வைகாசியிலேயே கைக்காசு போட்டுச் செய்து, காயவைத்து, மழை படாமல் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஆறேழு மாசத்துக்கு வீட்டுச் செலவுக்கு என்ன வழி? கடன், இல்லாவிட்டால் குறைந்த விலைக்கு மொத்த வியாபாரி.

அதற்கும் மேலே புயல். 2011 டிசம்பர் 30-இல் தானே. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். அந்த ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அந்த வருஷம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. அதாவது புயல் கரையைக் கடந்து பதிமூணே நாள்! நனைந்த அகலை யார் சுட, எங்கே காயவைக்க?

பெருமைக்குக் குறைவில்லை. 2010-களின் தொடக்கத்திலேயே திருக்கனூர் காகிதக்கூழ் கலைக்கும் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ. சந்தோஷம்தான். புவிசார் குறியீடு பெயரைக் காப்பாற்றும். பொம்மையைக் காயவைக்காதே!

என்னைக் கேட்டால், இந்தக் கலை பிழைக்கப் பெரிய திட்டம்கூட வேண்டாம். குடில் பொம்மையோ கொலு பொம்மையோ வேணும்னா சித்திரையிலேயே சொல்லி, முன்பணம் கொடுத்துவிடுங்கள். அந்தக் காலத்தில் ஜவுளிக்கடைக்காரர்கள் நெசவாளிக்குக் கொடுத்த முன்பணம் மாதிரிதான். நாம மழையில் போய் நின்று, விலை குறைச்சுக் கேட்டு, கிடைக்கலைன்னா பிளாஸ்டிக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் வாங்கிவிட்டு, 'கலை அழியுதே'ன்னு புலம்புறோம் :)

அந்த ஒட்டகம்? மைதாப் பசை காய்ச்சி, பழைய பேப்பரைக் கிழித்துச் சுற்றி அக்காவே கால் வைத்துவிட்டார்கள். அதுவும் மழையில் காயவே இல்லை. மூணு கால்லயும் ஒரு செங்கல் முட்டுலயும்தான் அந்தக் கிறிஸ்துமஸுக்கு நின்றது. ஜனவரி 6 தாண்டி, பொங்கல் வெயிலில்தான் நாலாவது கால் உறுதியானது.

இந்தச் சித்திரையில் திருக்கனூர் போய் ஒரு ஒட்டகத்துக்குச் சொல்லிவைக்கப் போறேன். அக்காவுக்கு நான் பட்ட கடன் அது.