சேலம் வக்கீல்கள் போட்ட வழக்கும் எங்க தறிக்குடோன் பஞ்சாயத்தும்

குமாரபாளையத்தில் எங்க தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய தறிக்குடோன் ஒன்று இருந்தது. எட்டுத் தறி. அவர் உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோக, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தகராறு. குடோனைவிடப் பெரிய சிக்கல் கரண்ட் சர்வீஸ். அது பெரியப்பா பேரில் இருந்தது. சர்வீஸ் இல்லாத தறிக்குடோனை வைத்து என்ன செய்வது? 1988ல் வழக்குப் போட்டார்கள். 1996 வரைக்கும் வாய்தா. அதற்குள் நாலு தறி துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

கடைசியில் ரெண்டு பேருக்கும் நூல் கொடுத்துக்கொண்டிருந்த பவானி வியாபாரி ஒருவர் வந்தார். ரெண்டு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். "கோர்ட்டுல யாரு ஜெயிச்சாலும் தறி ஓடாதுங்க" என்றார். சர்வீஸும் குடோனும் பெரியப்பாவுக்கு, அப்பாவுக்குப் பணம் தவணையில், மிச்சமிருந்த தறியில் ரெண்டு எங்களுக்கு. வழக்கு வாபஸ். எனக்கு அப்போது பதினாறு வயது. எட்டு வருஷம் முடியாதது ரெண்டு சாயங்காலத்தில் எப்படி முடிந்தது என்ற கேள்வி மனசிலேயே தங்கிவிட்டது. அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்புகள்.

முதலில் ஒரு வேறுபாடு. மத்தியஸ்தர் என்றால் ரெண்டு தரப்பையும் பேச வைப்பவர். முடிவு அவருடையது இல்லை. பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். நடுவர் அப்படி இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து அவரை ஏற்றுக்கொண்டுவிட்டால், அவர் சொல்லும் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும். நம்ம ஊரில் ரெண்டையும் சேர்த்து 'பஞ்சாயத்து' என்றுதான் சொல்கிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தக் குழப்பத்தைச் சட்டமாக எழுதிப் பார்த்தவர் நம்ம பக்கத்தில் வேலை பார்த்த ஒருவர்தான். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாரமகாலும் கம்பெனி கைக்கு வந்தன. காவிரிக்கு இந்தக் கரை கம்பெனி, அந்தக் கரை பவானி திப்பு. 1799ல் திப்பு இறக்கும்வரை இதுதான் நிலைமை. அந்த ஏழு வருஷமும் அலெக்சாண்டர் ரீடுக்குக் கீழே உதவியாளராக இங்கே இருந்தவர் தாமஸ் மன்றோ. ஊர் ஊராகப் போய் நிலவரி போட்டவர். கிராமத்தில் தகராறு எப்படித் தீர்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற வாய்ப்பு அவருக்கு இருந்தது.

பிறகு 1802ல் வங்காளத்தின் மாதிரியில் ஜில்லா கோர்ட்டுகள் சென்னை மாகாணத்துக்கு வந்தன. வழக்குகள் தேங்கின. அதைச் சரிசெய்ய 1814ல் ஒரு கமிஷன் வைத்து, மன்றோவைத் தலைமைக்கு அனுப்பினார்கள். அதன் விளைவுதான் 1816ஆம் வருஷ ரெகுலேஷன்கள். நாலாவது ரெகுலேஷனில் ஊர்த் தலைவர்தான் கிராம முன்சீப். 10 ரூபாய் வரை அவரே விசாரிக்கலாம். ரெண்டு தரப்பும் சம்மதித்தால் 100 ரூபாய் வரை நடுவராக இருந்து தீர்க்கலாம். ஐந்தாவது ரெகுலேஷன் கிராமப் பஞ்சாயத்துக்கு. அதற்கும் ரெண்டு தரப்பின் சம்மதம் வேண்டும். ஆறாவது, சம்பளம் வாங்கும் ஜில்லா முன்சீப்புகளுக்கு.

நடந்தது என்ன தெரியுமா? ஜனங்கள் ஜில்லா முன்சீப்பிடம் கூட்டமாகப் போனார்கள். பஞ்சாயத்துப் பக்கம் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். 'பஞ்சாயத்துதான் இந்தியர்களின் இயல்பு' என்று நம்பியவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

என் கணிப்பு இது: எங்க நூல் வியாபாரியின் பேச்சு எடுபட்டதற்குக் காரணம் அவர் பதவி இல்லை. ரெண்டு பேருக்கும் கடனுக்கு நூல் கொடுத்தவர் அவர். நாளைக்கும் அவர் முகத்தில் முழிக்க வேண்டும். அந்த உறவை ஒரு ரெகுலேஷன் எழுதி உண்டாக்க முடியாது. அது இல்லாத இடத்தில், ஊர்ப் பெரியவரைவிட சம்பளக்கார முன்சீப்பே மேல் என்று சின்னவன் நினைத்தால் அதில் தப்பென்ன?

பிறகு நடுவர் முறை தனிச் சட்டமாக வளர்ந்தது. 1899ல் ஒன்று, 1940ல் ஒன்று, இப்போது இருப்பது 1996 சட்டம். மத்தியஸ்தத்துக்கு மட்டும் கோர்ட்டுக்குள் இடமில்லாமலே இருந்தது. 1999ல் சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி 89ஆவது பிரிவைக் கொண்டுவந்தார்கள். 2002 ஜூலையில் அமலுக்கு வந்தது. பேசித் தீர்க்க வாய்ப்புள்ள வழக்கைக் கோர்ட்டே நடுவருக்கோ, சமரசத்துக்கோ, மக்கள் நீதிமன்றத்துக்கோ அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம்.

சேலம் இங்கே மறுபடியும் வருகிறது. இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன வழக்குகளில் ஒன்று சேலம் வழக்கறிஞர் சங்கத்துடையது. 2002 அக்டோபரில் திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. கூடவே, இதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று சொல்ல நீதிபதி ஜகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழு. அந்தக் குழு தயாரித்த மாதிரி விதிகளை ஏற்று 2005 ஆகஸ்டில் ரெண்டாவது தீர்ப்பு. எதிர்த்துப் போட்ட வழக்கே இந்தியா முழுக்கச் சமரச மையங்களுக்கு வழி போட்டது. அதே 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு சமரச மையம் திறந்தார்கள். நீதிமன்றத்தோடு இணைந்து இந்தியாவில் வந்த முதல் மையம் அது.

என் தொழில் சாஃப்ட்வேர் என்பதால் 89ஆவது பிரிவில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. அதில் ஒரு பக் இருந்தது. 'மத்தியஸ்தம்' என்ற தலைப்புக்கு நேராக நீதிபதி செய்யும் சமரசத்தின் விளக்கமும், அதற்கு நேராக மத்தியஸ்தத்தின் விளக்கமும் இடம் மாறி அச்சாகியிருந்தன. ரெண்டு வேரியபிள் மாறிப்போன மாதிரி. 2010ல் ஆஃப்கான்ஸ் வழக்கில் நீதிபதி ரவீந்திரன் இதைச் சுட்டிக்காட்டி, ரெண்டையும் மாற்றிப் படியுங்கள் என்றார். கொச்சி துறைமுகப் பாலம், ரோடு வேலைக்கான ஒப்பந்தத் தகராறு அது. ரெண்டு தரப்பும் சம்மதிக்காமல் நடுவரிடம் தள்ளக் கூடாது, மத்தியஸ்தத்துக்குக் கோர்ட் தானாகவே அனுப்பலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. நடுவர் முடிவு கட்டுப்படுத்தும், மத்தியஸ்தத்தில் எழுந்து வரலாம் என்பதை யோசித்தால் காரணம் புரியும். குடும்பப் பாகப்பிரிவினை, வியாபாரத் தகராறு, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் பேசித் தீர்க்கத் தோதானவை என்று ஒரு பட்டியலும் அதில் இருக்கிறது. எங்க குடோன் அந்தப் பட்டியலுக்கு அப்படியே பொருந்தும்.

அப்போ எல்லாவற்றையும் திண்ணையில் தீர்த்துவிடலாமா? இல்லைங்க. 2011ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில், கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதிக் கொடுமை வழக்கு அது. எழுந்து போக முடியாதவனை உட்கார வைத்து நடத்துவதற்குப் பேர் மத்தியஸ்தம் இல்லை. 2023ல் வந்த மத்தியஸ்தச் சட்டமும் இந்த ஜாக்கிரதையோடுதான் இருக்கிறது. முறையான மத்தியஸ்தத்தில் எழுதிய ஒப்பந்தம் கோர்ட் டிகிரிக்குச் சமம். ஊர் அமைதிக்காகச் செய்யும் சமூக மத்தியஸ்தத்துக்கு இடம் உண்டு, ஆனால் அந்த ஒப்பந்தத்தை டிகிரி மாதிரி நிறைவேற்ற முடியாது. மன்றோவின் ரெகுலேஷனிலிருந்து 207 வருஷம் கழித்தும் திண்ணைக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்பதில் தயக்கம் தீரவில்லை.

அந்தத் தயக்கம் நியாயம்தான் என்று போன வருஷம் எனக்குப் புரிந்தது. பழைய பத்திரங்களை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தபோது 1996ஆம் வருஷ விடுதலைப் பத்திரம் ஒன்று கையில் சிக்கியது. எங்க அத்தை கையெழுத்து. தாத்தாவின் சொந்தச் சம்பாத்தியம், உயில் இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகன்களுக்கும் சமபங்கு. அந்தக் குடோனில் மூணில் ஒரு பங்கு அத்தையுடையது. ரெண்டு சாயங்காலப் பேச்சில் அவரை யாரும் கூப்பிடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டார்கள்.

அத்தையிடம் கேட்டேன். "அண்ணந்தம்பி ரெண்டு பேரும் பேசிக்கிட்டா சரின்னு போட்டுட்டேன் சாமி. என்னை யாரு கேட்டாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தேதி, கிழமை எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது.

அந்த வியாபாரி நல்ல மனுஷன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ரெண்டு வீட்டையும் சேர்த்து வைத்தார். திண்ணையில் இருந்த ரெண்டு பேருக்கு நடுவில் நியாயமாகத்தான் பேசினார். ஒருவேளை வழக்கு நடந்து தீர்ப்பு வந்திருந்தால், மூணாவது வாரிசு எங்கே என்று ஒரு நீதிபதி கேட்டிருப்பார்.

இப்போது நண்பர்கள் யாராவது 'பேசி முடிச்சுக்கலாம்னு இருக்கோம்' என்றால், தாராளமாகப் பேசுங்கள் என்கிறேன். உட்காருவதற்கு முன்னால், சட்டப்படி பங்குள்ளவர்கள் யார் யார், அதில் யார் இங்கே வரவில்லை என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். எங்க அப்பாவிடமும் அதைச் சொன்னேன். ரெண்டு நாள் பேசவில்லை. மூணாவது நாள், "அத்தை வீட்டுக்குப் போலாம், வண்டிய எடு" என்றார்.