சுவிட்ச் யார் கையில்?

புது வீடியோ கேம் ஒன்றைத் திறந்தால், கதை தொடங்குமுன்பே ஒரு கேள்வி வந்து நிற்கும்: ஈஸியா, நார்மலா, ஹார்டா? எதிரி ஒருவனைக்கூட இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அதற்குள் நம் திறமைக்கு நாமே மார்க் போட வேண்டும். ஈஸியைத் தொட மானம் தடுக்கிறது, ஹார்டைத் தொட பயம் தடுக்கிறது. பெரும்பாலோர் நார்மலை அழுத்திவிட்டு உள்ளே போகிறோம். இந்தக் கேள்வியை ஆடுபவரிடமே கேட்கலாம் என்பது ஒன்றும் இயல்பாக வந்த ஏற்பாடு அல்ல. ஆட்டம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதை எதிராளி, கடைக்காரர், வாடகைக் கடைக்குப் பயந்த கம்பெனி என்று யார் யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். ஒருமுறை வழக்கு நீதிமன்றம்வரை போனது.

முதலில் எதிராளி. இந்தியாவில் பிறந்து பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்குப் போன சதுரங்கம், 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் கலீபாக்களின் அவையில் கொடிகட்டிப் பறந்தது. அங்கே ஆட்டக்காரர்களை ஐந்து தரமாகப் பிரித்திருந்தார்கள். மேல் தரத்தவர் கீழ்த் தரத்தவரோடு உட்கார்ந்தால், தன் காய்களில் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஆடுவார். வித்தியாசம் கூடக்கூட விட்டுக்கொடுக்கும் காயும் பெரிதாகும். சிப்பாயில் தொடங்கி யானைவரை போகும். அதே வழக்கம் ஐரோப்பாவுக்கும் போய், பாரிஸின் கஃபே டி லா ரெஜான்ஸ் போன்ற காபிக் கடைகளில் பந்தயப் பணத்தோடு சேர்ந்துகொண்டது. பணம் வந்தபின் பேரம் வராமல் இருக்குமா? எந்தக் காயை விட்டுக்கொடுப்பது என்பதே ஆட்டத்துக்கு முன் நடக்கும் இன்னொரு ஆட்டமாயிற்று. 1859இல் ஐரோப்பாவை வென்று ஊர் திரும்பிய அமெரிக்கர் பால் மார்ஃபி, இனி யாராக இருந்தாலும் ஒரு சிப்பாயையும் முதல் நகர்வையும் விட்டுக்கொடுத்தே ஆடுவேன் என்று அறிவித்தார். பெருந்தன்மை என்றும் சொல்லலாம், திமிர் என்றும் சொல்லலாம்.

இயந்திரத்துக்கு இரண்டும் கிடையாது. 1972இல் அட்டாரி நிறுவனத்துக்காக ஆலன் ஆல்கார்ன் உருவாக்கிய ‘பாங்’கில் இரண்டு மட்டைகள், ஒரு பந்து, அவ்வளவுதான். அந்த மட்டைகள் திரையின் உச்சிவரை போகாது. சர்க்யூட்டில் இருந்த கோளாறு அது. ஆல்கார்ன் அதைச் சரிசெய்யவில்லை. மட்டை எல்லா இடத்துக்கும் போனால், கை தேர்ந்த இருவர் ஒரே 25 சென்ட் நாணயத்தில் பொழுது சாயும்வரை ஆடிக்கொண்டிருப்பார்களே! பந்தை அடிக்க அடிக்க அதன் வேகம் கூடும்படியும் செய்தார். கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் வைத்த முதல் இயந்திரம் சில நாளில் பழுதாகிவிட்டதென்று புகார் வந்தது. போய்த் திறந்து பார்த்தால், உண்டியல் நாணயங்களால் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் அடுத்த நாணயம் விழும் என்ற கணக்கு அன்றைக்குத் தொடங்கியது, இன்றுவரை முடியவில்லை.

அடுத்த விபத்து ஜப்பானில், 1978இல். டைட்டோ நிறுவனத்தின் டோமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டைக் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகச் செய்தார். திரையில் 11 பேர் கொண்ட ஐந்து வரிசைகளாக 55 வேற்றுக்கிரகவாசிகள். அத்தனை பேரையும் வரைந்து நகர்த்த, உள்ளே இருந்த இன்டெல் 8080 சில்லுக்கு மூச்சு வாங்கியது. அதனால் தொடக்கத்தில் படை ஊர்ந்து வரும். நாம் சுட்டுத் தள்ளத் தள்ள வரைய வேண்டிய உருவங்கள் குறையும், பாரம் இறங்கிய மாட்டு வண்டிபோல் மிச்சப் படை வேகமெடுக்கும். கடைசி ஒருவன் திரையில் அங்குமிங்கும் பறப்பான். இப்படி நடக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. நிஷிகாடோவுக்கு அது பிடித்துப்போனது, அப்படியே விட்டுவிட்டார். ஆட்டம் போகப் போகக் கடினமாக வேண்டும் என்ற விதியை இன்று கேம் வடிவமைப்பாளர்கள் பாடமாகவே படிக்கிறார்கள். சில்லு கொஞ்சம் வலுவாக இருந்திருந்தால் அந்தப் பாடம் எப்படி இருந்திருக்குமோ!

அந்தப் பெட்டிகளின் உள்ளே, ஆடுபவர் கண்ணில் படாத இடத்தில், சர்க்யூட் பலகைமேல் குட்டிக் குட்டிச் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. பெட்டியின் சாவி கடைக்காரரிடம். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஒரு நாணயத்துக்கு மூன்று லைஃபா, ஆறா என்பதை அவர்தான் வைப்பார். 1980இல் வந்த ‘பேக்-மேன்’ பெட்டியில் ஒரு லைஃப்கூட வைக்கலாம். எத்தனை புள்ளிக்குக் கூடுதல் லைஃப் தருவது என்பதையும் மாற்றலாம். இந்தக் கடையில் வீராதி வீரனாக இருந்த பையன் அடுத்த தெருக் கடையில் இரண்டு நிமிடத்தில் மண்ணைக் கவ்வுவான். இன்று நம் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு நாணயம் எடுப்பான். ஆடுபவருக்குத் தெரியாமலே ஆட்டத்தின் கடினத்தைக் கூட்டி விற்கும் கலையை முதலில் கண்டது, என் கணக்கில், மென்பொருள் மேதைகள் அல்லர், கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

வீட்டுக்குள் வந்த இயந்திரத்துக்குக் கல்லா கிடையாது, அதனால் சுவிட்சும் வெளியே வந்தது. 1977இல் விற்பனைக்கு வந்த அட்டாரி 2600 கருவியின் முகப்பில், மர நிறப் பட்டைக்கு மேலே, இரண்டு டிஃபிகல்ட்டி சுவிட்சுகள். ஆளுக்கு ஒன்று. தேர்ந்தவருக்கு ‘ஏ’, புதியவருக்கு ‘பி’. அப்பா ‘ஏ’யிலும் பிள்ளை ‘பி’யிலும் வைத்துக்கொண்டு ஒரே ஆட்டத்தில் மோதலாம். பாக்தாத் அவையில் காயை ஓரமாக வைத்த அதே ஏற்பாடுதான், பிளாஸ்டிக்கில். சுவிட்ச் என்ன செய்யும் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ‘அட்வென்ச்சர்’ விளையாட்டில் ஒன்றைத் தட்டினால் டிராகன்கள் தயங்காமல் கடிக்கும். இன்னொன்றைத் தட்டினால் நம் கையில் வாளைக் கண்டதும் ஓடும். 1980இல் வந்த புது மாடலில் இந்த இரண்டையும் கருவியின் முதுகுப்பக்கம் தள்ளிவிட்டார்கள். அதே காலத்தில் சதுரங்கக் கணினி விற்ற ஃபிடெலிட்டி நிறுவனம் நேர்மாறாக நடந்தது: ‘செஸ் சேலஞ்சர் 3’, ‘7’, ‘10’ என்று எத்தனை நிலைகள் உண்டோ அந்த எண்ணைப் பெயரிலேயே போட்டு விற்றது.

பிறகு வந்தது கோனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ செய்த உதவி. 1986இல் ‘கிரேடியஸ்’ விண்வெளிச் சண்டையை வீட்டுக் கருவிக்கு மாற்றும் பொறுப்பு அவருடையது. சோதித்துப் பார்க்க ஆடினால், தான் செய்ததைத் தன்னாலேயே முடிக்க முடியவில்லை. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் எல்லா ஆயுதமும் கிடைக்கும்படி தனக்காக ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். வெளியிடுமுன் எடுத்திருக்க வேண்டியது, எடுக்கப்படாமலே தங்கிவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து ‘கான்ட்ரா’ அமெரிக்க வீடுகளுக்கு வந்தபோது அதே விசை வரிசை 3 லைஃபை 30 ஆக்கியது. பள்ளிக்கூட வாசல்களில் வாய்வழியாகப் பரவிய இந்த மந்திரம், பட்டியலில் இல்லாத ஈஸி நிலைதான்.

இங்கே நம்மூர் உள்ளே வருகிறது, வழக்கம்போல் நகல் வழியாக. 1990களில் சென்னை பர்மா பஜார் தொடங்கி ஊர் ஊராக எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்ற ‘டிவி கேம்’ பெரும்பாலும் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியின் நகல். அதற்கான கேசட்டுகளின் மேல் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில், கேம் இருப்பதாக அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்திருபதுதான் திரும்பத் திரும்ப வரும். எண்ணிக்கையைப் பெருக்க நகல் எடுத்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். அதே கான்ட்ராவையே ஒருமுறை 30 லைஃபோடு, ஒருமுறை வேறு துப்பாக்கியோடு, ஒருமுறை ஐந்தாம் லெவலிலிருந்து என்று மாற்றி மாற்றித் தனித்தனி வரியாகப் பட்டியலில் ஏற்றினார்கள். வாங்குபவரை ஏமாற்றச் செய்த வேலை அது. ஆனால் பலனைப் பாருங்கள்: அசல் கேசட் வாங்கிய அமெரிக்கப் பையனுக்கு ரகசிய மந்திரம் தெரிந்திருக்க வேண்டும், நம் பையனுக்கோ எவ்வளவு கடினம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு மெனுவே இருந்தது.

அந்த அமெரிக்கப் பையனுக்கு எதிராக வேறு சதிகளும் நடந்தன. ஜப்பானில் உரிமையாளரின் அனுமதியில்லாமல் கேம்களை வாடகைக்கு விட முடியாது. அமெரிக்காவில் வீடியோ கடைகள் தாராளமாக விட்டன. வெள்ளிக்கிழமை எடுத்துப்போய் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிட்டால் யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? ஆகவே அமெரிக்கப் பதிப்புகள் சிலவற்றை வேண்டுமென்றே கடினமாக்கினார்கள். 1994இன் ‘கான்ட்ரா: ஹார்டு கோர்’ ஜப்பானில் மூன்று அடி வாங்கினால்தான் உயிர் போகும், அமெரிக்காவில் ஒரே அடி. அதே ஆண்டு வந்த ‘தி லயன் கிங்’ விளையாட்டின் இரண்டாம் லெவலில் குரங்குகளிடம் சிக்கி அழுதவர்கள் இங்கேயும் உண்டு. வாடகைக்கு எடுப்பவர்கள் தொடக்கத்திலேயே திணற வேண்டும் என்று டிஸ்னி விரும்பியதே காரணம் என்று அதை உருவாக்கிய வெஸ்ட்வுட் நிறுவனத்தின் லூயிஸ் காசில் பிற்பாடு சொன்னார். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1986இல் ஜப்பானில் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’ அமெரிக்கர்களுக்குத் தாங்காது என்று அங்கே அனுப்பாமல், வேறொரு ஜப்பானிய விளையாட்டில் மாரியோவின் முகத்தை ஒட்டி அதே பெயரில் 1988இல் விற்றார்கள்.

இந்த ஆதிக்கத்துக்கு எதிராகத்தான் நான் சொன்ன அந்த வழக்கு. பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் உருவாக்கி, அமெரிக்கப் பொம்மைக் கம்பெனி கலூப் விற்ற ‘கேம் ஜீனி’யைக் கேசட்டுக்கும் கருவிக்கும் நடுவில் செருகினால் லைஃப் குறையாது, அடி படாது. இதை வைத்து நின்டெண்டோவுக்கும் கலூபுக்கும் இடையே வழக்கு நடந்தது. ஜெயித்தது கலூப், 1992இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. நியாயமான விலை கொடுத்து வாங்கியவர், புத்தகத்தில் பக்கங்களைத் தாண்டிப் படிப்பதுபோல, தன் விளையாட்டைத் தன் விருப்பத்துக்கு மாற்றி ஆடிக்கொள்ளலாம் என்பது நீதிமன்றத்தின் வாதம்.

அதே 1992இல் கம்ப்யூட்டர் பக்கம் ‘இட் சாஃப்ட்வேர்’ நிறுவனத்தின் இளைஞர்கள் சுவிட்சை ஆடுபவர் கையில் கொடுத்துவிட்டு, கூடவே கேலியும் செய்தார்கள். ‘வுல்ஃபன்ஸ்டைன் 3டி’யில் மிக எளிய நிலையின் பெயர், அப்பாவிடம் நானும் ஆடட்டுமா என்று கேட்பது. அதைத் தொட்டால் முரட்டு நாயகன் குழந்தைத் தொப்பியோடு வாயில் ரப்பர் சூப்பி வைத்துக்கொண்டு நிற்பான். மறு ஆண்டு வந்த ‘டூம்’ இன்னும் பிரபலம். அதில் இருந்த நான்கு நிலைகளும் போதவில்லை, எளிதாக இருக்கிறது என்று சிலர் குறைப்பட, 1994இல் ‘நைட்மேர்’ என்று ஐந்தாவதைச் சேர்த்தார்கள். செத்த எதிரி மறுபடி எழுந்து வருவான். இதில் நியாயம் எதிர்பார்க்காதே என்று ஆட்டமே முன்கூட்டி எச்சரிக்கும். இதைப் பார்த்து மற்றவர்களும் கேலியில் இறங்கினார்கள். 2005இன் ‘நிஞ்சா கெய்டன் பிளாக்’ தொடர்ந்து தோற்பவனிடம் ‘நிஞ்சா நாய்’ ஆகிறாயா என்று கேட்கும். சரி என்றால் கையில் ஒரு ரிப்பனைக் கட்டிவிடும். 2015இன் ‘மெட்டல் கியர் சாலிட் 5’ கோழித் தொப்பி தரும். ஈஸியைத் தொட நமக்கு இன்றும் இருக்கும் கூச்சத்தில் பாதி இவர்கள் விதைத்தது.

கூச்சப்படுத்தாமல் உதவ நினைத்தவர்கள் ரகசிய வழியில் போனார்கள். 1986இன் ‘சனாக்’ ஆடுபவரின் கைவரிசையைப் பார்த்து எதிரிகளைக் கூட்டிக் குறைத்தது. 1996இன் ‘கிராஷ் பேண்டிகூட்’ ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செத்தால், சத்தமில்லாமல் ஒரு காப்பு முகமூடியை வழியில் வைத்தது. 2005இன் ‘ரெசிடென்ட் ஈவில் 4’ தடுமாறுபவருக்கு எதிரிகளின் எண்ணிக்கையையே குறைத்தது. ஜெயித்துவிட்டதாக நாம் மார்தட்டிய சில இரவுகளில் இயந்திரம் நமக்காகக் காயை ஓரமாக எடுத்து வைத்திருந்தது. கேலியாவது முகத்துக்கு நேரே நடந்தது. இந்த இரக்கம்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

ஃபிரம் சாஃப்ட்வேரின் ஹிடெடாகா மியாசாகி கேலியையும் ஒதுக்கினார், இரக்கத்தையும் ஒதுக்கினார். 2009இன் ‘டீமன்ஸ் சோல்ஸ்’, 2011இன் ‘டார்க் சோல்ஸ்’ இரண்டிலும் கேள்வியே கிடையாது; எல்லோருக்கும் ஒரே மலை. 2012இல் கைபேசிக்கு வந்த ‘கேண்டி கிரஷ்’ஷிலும் கேள்வி கிடையாது, ஆனால் காரணம் வேறு. லெவல் கடினமானால் ஐந்து லைஃபும் தீரும். காத்திருக்கலாம், அல்லது காசு கொடுக்கலாம்.

2018இல் மலையேறும் பெண்ணின் கதையாக வந்த ‘செலஸ்ட்’ ஓர் உதவிப் பட்டியலைத் திறந்து வைத்தது: ஆட்டத்தின் வேகத்தைப் பத்துப் பத்துச் சதவீதமாகப் பாதிவரை குறைக்கலாம், சாகாமலே ஆடலாம். எந்தப் பரிசும் பறிபோகாது. மறு ஆண்டு ஃபிரம் சாஃப்ட்வேரின் ‘செகிரோ’ வந்தபோது, ஊனமுள்ளவர்கள் இதை எப்படி ஆடுவார்கள் என்று பெரிய சண்டையே மூண்டது. 2020 ஜூனில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. டிஃபிகல்ட்டியையும் ஐந்தாகப் பிரித்திருந்தார்கள்: நமக்குப் படும் அடி, எதிரிகளின் சாமர்த்தியம், கூட்டாளிகளின் உதவி, ஒளிந்து நகர்வது, கிடைக்கும் தோட்டா. ஒவ்வொன்றையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். பார்வை இல்லாதவர்கள் ஒலியை மட்டும் கேட்டுக் கடைசிவரை ஆடினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்டில் அதே விளையாட்டுக்கு, இருப்பதிலேயே கடினமான ஒரு நிலையும், ஒருமுறை செத்தால் முதலிலிருந்து தொடங்க வைக்கும் தேர்வும் வந்து சேர்ந்தன.