அரண்மனைக் கொடையும் ஆலயக் குரல்களும்: தென்னாட்டில் மேற்கத்தியச் சேர்ந்திசை வேரூன்றிய வரலாறு

மேற்கத்திய இசையில் ஒரு பெரும் படைப்பின் நடுவே பலர் கூடிப் பாடும் பகுதி, அப்படைப்பிலிருந்து பிரிந்து தனிப் பாடலாகி, மூலத்தை அறியாத மக்களின் நாவிலும் குடியேறுவது கடந்த இரு நூற்றாண்டுகளாக நிகழ்ந்துவரும் ஒரு வளர்ச்சியாகும். ஹாண்டெலின் 'மெசியா'வை முழுமையாகக் கேட்டிராத தமிழ்க் கிறித்தவர்கள் பலர் அதன் 'அல்லேலூயா கோரஸ்' பகுதியை நன்கு அறிவர். வாக்னரின் 'லோஹென்கிரின்' என்னும் ஓபராவின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள் அதன் மணமகள் கோரஸின் மெட்டைத் திருமண ஆராதனைகளில் பலமுறை கேட்டிருப்பர். இவ்வகை இசை தென்னாட்டை அடைந்த வழிகளுள் முதன்மையானவை இரண்டு: ஒன்று தஞ்சாவூர், மைசூரு அரண்மனைகளின் ஆதரவு, மற்றொன்று திருச்சபைகளின் வாராந்தர ஆராதனை. இவ்விரண்டில் பாடும் பழக்கத்தை மக்களிடையே நிலைநிறுத்தியது எது, அதற்குக் காரணம் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூல வடிவங்கள்

ஓரட்டோரியோ என்பது சமயக் கதை ஒன்றை வேடமும் மேடைக்காட்சியும் இன்றித் தனிப்பாடகர்கள், பாடகர் குழு, வாத்தியக் குழு ஆகியோரைக் கொண்டு நிகழ்த்தும் நெடிய இசைப்படைப்பு. ஓபரா என்பது வேடம், காட்சியமைப்பு, நடிப்பு ஆகியவற்றுடன் பெரும்பாலும் பாடியே நிகழ்த்தப்படும் நாடகம். இரண்டிலும் கதையின் உச்சங்களில் ஒலிக்கும் குழுப்பாடல் 'கோரஸ்' எனப்படும். அதில் பெண்களின் உயர்குரலான சொப்ரானோ, தாழ்குரலான ஆல்டோ, ஆண்களின் உயர்குரலான டெனர், தாழ்குரலான பாஸ் என்னும் நான்கு குரல்வகைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாடி ஒத்திசையை உருவாக்குகின்றன. தமிழகத் திருச்சபைகளில் இதனைப் 'பார்ட் பாடுவது' என்றே வழங்குவர்.

1741ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஏறத்தாழ 24 நாள்களில் ஹாண்டெல் எழுதி முடித்த 'மெசியா', 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரில் சிறைக்கைதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டும் நிகழ்ச்சியாக அரங்கேறியது. அதன் இரண்டாம் பாகத்தை நிறைவு செய்யும் அல்லேலூயா கோரஸ் தனித்து வாழத் தகுந்த அமைப்பைக் கொண்டது. நான்கு குரல்களும் ஒரே தாள நடையில் சேர்ந்தொலித்துத் தொடங்கும் அப்பாடல், பிறகு எல்லாக் குரல்களும் ஒரே சுரவரிசையைப் பாடும் எளிய வாக்கியத்துக்கு வருகிறது. நடுப்பகுதியில் பாஸ் தொடங்கிய சிறு வாக்கியத்தை டெனரும், ஆல்டோவும், இறுதியில் சொப்ரானோவும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்று நுழைகின்றனர். அடுத்து உயர்குரல் ஒரே சுரத்தை நீளப் பிடித்துப் படிப்படியாக மேலேற, பிற குரல்கள் கீழிருந்து விடையிறுக்கின்றன. முடிவுக்குச் சற்று முன்னர் எல்லாக் குரல்களும் ஒருங்கே நின்று, ஒரு கண மௌனத்துக்குப் பின் நிறைவுச் சுரங்கள் ஒலிக்கின்றன. நான்கு நிமிடங்களுக்குள் அடங்குவதும், சில சொற்களே திரும்பத் திரும்ப வருவதும், அவற்றுள் மிகுதியாக வரும் சொல் எல்லா மொழிக் கிறித்தவர்களுக்கும் பழகியதாக இருப்பதும் அதன் பரவலுக்குத் துணைநின்ற காரணங்களாகும்.

இப்படைப்பு கதீட்ரல் பாடகர்களிடமிருந்து சாதாரண மக்களின் கைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். லண்டனின் நொவெல்லோ பதிப்பகம் 1840களில் 'மெசியா'வின் பாடற்சுவடியை மலிவு விலையில் மாதத் தவணைகளாக வெளியிட்டது. அதே காலத்தில் சாரா குளோவர் வகுத்த முறையைத் தழுவி ஜான் கர்வென் பரப்பிய 'டானிக் சால்ஃபா' என்னும் எழுத்துவழிச் சுரக்குறிப்பு, ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பைப் படிக்கத் தெரியாத தொழிலாளர்களையும் நான்கு குரல் பாடல்களைப் பாட வைத்தது. மலிவான சுவடியும் எளிய சுரக்குறிப்பும் மிஷனரிகளின் பெட்டிகளில் ஏறிக் கடல் கடந்தன.

மெட்டு வந்தது, ஒத்திசை வரவில்லை

தென்னாட்டில் மேற்கத்திய இசையின் முதல் வரவேற்பு மெட்டுகளோடு நின்றது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின்வந்த லூத்தரன் மிஷனரிகளும் ஜெர்மானியச் சபைப் பாடல்களைத் தமிழாக்கி, மூல மெட்டுகளிலேயே பாட வைத்தனர்; அவர்களுள் ஒருவரான பப்ரீசியஸின் மொழிபெயர்ப்புகளால் வளம்பெற்ற இம்மரபு 'ஞானப்பாட்டு' என்னும் பெயரில் லூத்தரன் சபைகளில் நிலைத்தது. சபை முழுவதும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுவது இதன் அடிப்படை என்பதால், கூடிப்பாடும் பழக்கம் இங்கே முதலில் உருவாகியது.

தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சிக்காலம் 1798–1832) மேற்கத்திய வாத்தியக் குழு ஒன்றைப் பேணினார். மிஷனரி ஷ்வார்ட்ஸிடம் அவருடன் பயின்ற வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), அந்நாளில் ஐரோப்பிய மெட்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், குறவஞ்சி, கீர்த்தனை ஆகிய தமிழ் வடிவங்களிலேயே கிறித்தவப் பாடல்களை இயற்றினார். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேய பேண்ட் இசை மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்து, நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் ஏறத்தாழ 40 பாடல்களைச் சங்கராபரண ராகத்தின் சுரங்களில் இயற்றினார். இப்பாடல்களில் மேற்கத்திய மெட்டு முழுமையாக உள்ளது. அதனைத் தாங்கிய ஒத்திசை இல்லை. ராகத்தின் ஒற்றை இழையில் வளர்ந்த இசைமரபு தனக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டு, தன் இயல்புக்குப் புறம்பானதை விட்டுவிட்டது. எனவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நான்கு குரல் பாட்டு அவ்வரவேற்பில் இடம்பெறவில்லை.

மைசூரு: கேட்பவரின் வழி

அரண்மனை ஆதரவின் உச்சம் மைசூரில் அமைந்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரண்மனையில் கர்நாடக இசைக் குழுவும் மேற்கத்திய இசைக் குழுவும் அருகருகே இயங்கின. நகரின் புனித பிலோமினா பேராலயத்துக்கு 1933இல் அடிக்கல் நாட்டியவரும் அவரே. அவருக்குப் பின் 1940இல் அரியணை ஏறிய ஜயசாமராஜ உடையார் (1919–1974), 94 கர்நாடகக் கீர்த்தனைகளை இயற்றிய வாக்கேயக்காரர். அதேசமயம் பியானோ பயின்று லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியின் லைசென்ஷியேட் பட்டமும் பெற்றவர். ருஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகளை இசைத்தட்டுகளாக வெளியிட அவர் நிதி வழங்கியதும், வால்டர் லெக் 1945இல் தொடங்கிய பில்ஹார்மோனியா இசைக்குழுவின் கச்சேரிச் சங்கத்துக்கு 1948இல் முதல் தலைவரானதும், ஆண்டுக்கு 10,000 பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அக்குழுவுக்கு உதவ முன்வந்ததும் இசைவரலாற்றில் பதிவாகியுள்ளன. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'நான்கு இறுதிப் பாடல்கள்' 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாட் பாட அரங்கேறியபோது, அந்நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் அளித்தவரும் மைசூரு மகாராஜாவே. அதன் ஒலிப்பதிவு அவருடைய பெரும் இசைத்தட்டுத் தொகுப்புக்காக மைசூருக்கு அனுப்பப்பட்டது.

இந்த ஆதரவு சேர்ந்திசையையும் மறைமுகமாக வளர்த்தது. மைசூருக் கொடை நின்று சில ஆண்டுகளுக்குப் பின், 1957இல், பைரோய்ட் ஓபரா விழாவின் கோரஸ் பயிற்றுநரான வில்ஹெல்ம் பிட்ஸைக் கொண்டு பில்ஹார்மோனியா கோரஸ் உருவாக்கப்பட்டது. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி, பாஹின் 'மத்தேயு பாஸியன்', வெர்டியின் 'ரெக்வியம்', ஹாண்டெலின் 'மெசியா' ஆகியவற்றில் அக்குழு செய்த பதிவுகள் உலகெங்கும் இசைத்தட்டுகளாகச் சென்றன. லண்டனில் அந்த இசைக்குழு வேர்கொண்ட தொடக்க ஆண்டுகளில் மைசூரின் பணம் அதற்கு நீர் வார்த்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், அக்கொடை உருவாக்கியது கேட்கும் பண்பாட்டை. கச்சேரி லண்டனில் நிகழ்ந்தது. அதன் தட்டு மைசூருக்கு வந்தது. தேர்ந்த செவி ஒன்று கடல் கடந்த கலையை வாழவைத்த அரிய நிகழ்வு அது. எனினும் சேர்ந்திசை ஓரிடத்தில் பரவ அங்குள்ளோர் தாமே பாட வேண்டும். அந்தப் பணியை நிறைவேற்றியது மற்றொரு வழி.

ஆலயம்: பாடுபவரின் வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி, தஞ்சாவூர், மதுரை, சென்னை வட்டாரங்களில் மிஷன் பள்ளிகளும் விடுதிகளும் பெருகியபோது, பாட்டு அவற்றின் அன்றாட ஒழுங்கில் ஓர் அங்கமாயிற்று. நாளுக்கு இரு வேளை ஜெபம், ஞாயிறு ஆராதனை, பண்டிகைகளுக்கான ஒத்திகை என்று ஆண்டு முழுவதும் பாடும் வாய்ப்பு வேறெந்த நிறுவனத்திலும் அமையாத ஒன்று. டானிக் சால்ஃபா முறையில் எந்தச் சுருதியை ஆதாரமாகக் கொண்டாலும் அதுவே 'டோ' ஆகும். ஆதார ஷட்ஜத்தை இடம் மாற்றிப் பாடிப் பழகிய தென்னாட்டுச் செவிக்கு இந்தக் கருத்து புதிதன்று. ஆகவே, ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பைக் காட்டிலும் சால்ஃபா எளிதில் கைவந்தது எனக் கருத இடமுண்டு.

தமிழ்த் திருச்சபையில் இரண்டு பாட்டு மரபுகள் இன்றும் ஒரே ஆராதனையில் இணைந்து நிற்கின்றன. மேற்கத்திய மெட்டில் அமைந்தவை 'பாமாலை' எனவும், ராக தாளத்தில் அமைந்தவை 'கீர்த்தனைகள்' எனவும் வழங்கும். பாமாலைகளின் நான்கு குரல் அமைப்பு எளிமையானது. வாரந்தோறும் அதனைப் பாடிப் பழகிய குழுவுக்கு ஹாண்டெலின் கோரஸ் எட்டாத உயரமன்று. கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைகளிலும் உயிர்த்தெழுதல் ஞாயிறன்றும் அல்லேலூயா கோரஸைப் பாடுவது பல சபைகளில் வழக்கமாகியதற்கு இந்தப் படிமுறைப் பயிற்சியே அடிப்படை. அப்பாடல் ஒலிக்கையில் எழுந்து நிற்பது இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் செயலால் தோன்றியது எனப் பரவலாகச் சொல்லப்படினும், அச்செய்தியைத் தரும் சான்று பல்லாண்டுகள் பிற்பட்ட ஒரு கடிதமே.

1893இல் தொடங்கிய சென்னை இசைச் சங்கம், அதாவது மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன், முழுநீள ஓரட்டோரியோக்களைப் பாடவல்ல குழுவொன்றைச் சென்னைக்கு அளித்தது. ஆங்கிலேயரின் சங்கமாக இருந்த அதனை விடுதலைக்குப் பின்னும் உயிரோடு காத்தவர்களுள், அதன் பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்திய ஹாண்டெல் மானுவேல் முதன்மையானவர். ஒரு தமிழ்க் குடும்பம் தன் மகனுக்கு அந்த இசையமைப்பாளரின் பெயரைச் சூட்டியதே இவ்விசை எவ்வளவு ஆழமாகச் சென்று சேர்ந்தது என்பதற்குச் சான்றாகும். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் உள்ளிட்ட பாட்டு மரபுகள் ஒரே கூரையின் கீழ் வந்தன.

ஓபராவின் கோரஸ்கள் ஆலயத்துக்குள் நுழைந்த விதம் வேறு. வெர்டியின் 'நபுக்கோ' ஓபராவில் (1842) அடிமைப்பட்ட எபிரேயர் பாடும் கோரஸ் இத்தாலியில் மக்கள் பாடலாகவே ஆயிற்று. தமிழகத்தில் அது அவ்வளவாக அறியப்படவில்லை. ஆனால், 1850இல் வைமார் நகரில் அரங்கேறிய 'லோஹென்கிரின்' ஓபராவின் மூன்றாம் அங்கத்தில் மணமக்களை மணவறைக்கு அழைத்துச் செல்லும் குழு பாடும் கோரஸ், ஆங்கிலத் திருமண வழக்கில் இடம்பெற்று, அங்கிருந்து தமிழ்க் கிறித்தவத் திருமணங்களில் மணமகள் நுழையும் வேளைக்குரிய இசையாயிற்று. ஓபராவில் குரல்களுக்கென எழுதப்பட்ட அது இங்கே ஆர்கனிலும் கீபோர்டிலும் மட்டுமே ஒலிக்கிறது. கோரஸ் தன் குரலை இழந்து மெட்டாக மட்டும் எஞ்சியது. நோட்டுஸ்வரங்களுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது: ஆராதனையில் பாடும் வாய்ப்பு அமைந்த கோரஸ் ஒத்திசையோடு வாழ்ந்தது, அவ்வாய்ப்பு அமையாதது மெட்டாகச் சுருங்கியது.

ஆலயத்துக்கு வெளியே

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்ந்திசை சமய எல்லையைக் கடந்தது. இந்திய மக்கள் நாடக மன்றத்தின் எழுச்சிப் பாடல்களிலிருந்து 1950களில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இளைஞர் சேர்ந்திசைக் குழுக்கள் தோன்றின. அதே இயக்கத்தில் வளர்ந்தவரும் 'பாதை தெரியுது பார்' (1960) திரைப்படத்தின் இசையமைப்பாளருமான எம்.பி. சீனிவாசன் (1925–1988), 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். பாரதியின் பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும், ராகத்தின் முகம் சிதையாமல் பல குரல்களில் அமைத்து, இசை பயிலாத மாணவர்களையும் தொழிலாளர்களையும் பாட வைத்தது அவருடைய தனிச்சாதனை. ஆலயத்தில் ஜெபமும் பண்டிகையும் செய்த வேலையை இங்கே தொடர்ந்த ஒத்திகையும் பொதுநோக்கமும் செய்தன.

2005இல் இளையராஜா மாணிக்கவாசகரின் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் ஓரட்டோரியோ வடிவில் அமைத்து வெளியிட்டபோது, வரலாறு ஒரு சுற்று நிறைவடைந்தது. விவிலியச் சொற்களைத் தாங்கி வந்த வடிவம் சைவத் திருமுறையின் சொற்களைத் தாங்கியது; ஒன்றரை நூற்றாண்டாகத் தமிழ்ச் செவி கோரஸுக்குப் பழகியிராவிடில் அப்படைப்புக்குக் கேட்பவர் அமைந்திருப்பது அரிது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகள் ஒரு முடிவையே சுட்டுகின்றன. அரண்மனைக் கொடை கலைஞரையும் கலைச்செல்வத்தையும் காத்தது. கூடிப் பாடும் பழக்கத்தை உண்டாக்கியவை வாராவாரம் கூடும் சபையும், மலிவான சுவடியும், எளிய சுரக்குறிப்பும், ஊதியம் கருதாத குழு நடத்துநர்களின் உழைப்பும் ஆகும்.  

ஆனால், இவ்வரலாற்றின் மூலச்சான்றுகள் அழிவின் விளிம்பில் உள்ளன. கையால் படியெடுத்த பார்ட் நோட்டுகள், சால்ஃபா தாள்கள், பழைய கேரல் ஆராதனை நிகழ்ச்சி நிரல்கள், குழு நடத்துநர்கள் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் ஆகியன ஆலய அலமாரிகளிலும் வீட்டுப் பரண்களிலும் பட்டியலிடப்படாமலேயே கிடக்கின்றன. அரசரின் இசைத்தட்டுகளுக்கு வரலாறு எழுதப்பட்டுவிட்டது. இந்தத் தாள்களுக்கு இன்னும் எழுதப்படவில்லை. திருச்சபைகளும் இறையியல் கல்லூரிகளும் பல்கலைக்கழக இசைத்துறைகளும் அவற்றைத் திரட்டி, பட்டியலிட்டு, மின்படியாக்க முன்வர வேண்டும். முதிய பாடகர்களின் நினைவுகளை அவர்கள் வாழும் காலத்திலேயே பதிவு செய்தலும் அப்பணியின் ஒரு பகுதியாக அமைய வேண்டும்.