'வலிக்காதுடா செல்லம்'னு சொல்லாதீங்க! - அடிக்கடி ஊசியைச் சந்திக்கும் குழந்தையின் பெற்றோர் கவனத்துக்கு...

காய்ச்சலுக்குப் போடும் ஊசியை, அழுது முடித்த கையோடு குழந்தை மறந்துவிடும். ஆனால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே ஆஸ்பத்திரி, அதே கட்டில், அதே ஊசி என்றால்? தலசீமியா மேஜர் பாதித்த குழந்தைகளின் நிலை இதுதான். பெற்றோர் இருவருமே இந்த மரபணுக் குறைபாட்டைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த நோய் வர 25 சதவிகித வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள்ளேயே ரத்தசோகை வெளியே தெரிந்துவிடும். அதன் பிறகு, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும்.

'பெத்த மனசு தாங்குமா?' என்று எல்லோரும் கேட்பார்கள். தாங்குவதற்கு என்ன செய்யலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். தலசீமியா மட்டுமல்ல... டைப் 1 சர்க்கரைநோய், ரத்தப் புற்றுநோய் என எந்தச் சிகிச்சைக்காக அடிக்கடி ஊசி போட வேண்டியிருந்தாலும் இவற்றில் பல உங்களுக்கும் உதவும்.

முதல் விதி: பொய் வேண்டாம்

'வலிக்கவே வலிக்காது', 'சும்மா டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்', 'பார்க்குக்குப் போறோம்'... பாசத்தில் சொல்லும் பொய்கள்தான். ஆனால், ஊசி குத்திய அந்த நொடியில் பொய் உடைந்துவிடும். அடுத்த முறை நிஜமாகவே பார்க்குக்குக் கிளம்பினாலும் குழந்தை நம்பாது. 'அவ்ளோதான், முடிஞ்சது' என்று நீங்கள் சொன்னாலும் நம்பாது. திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய குழந்தைக்கு, உங்கள் வார்த்தைதான் பெரிய பிடிமானம். அதை இழந்துவிடாதீர்கள்.

அதற்காக 'பயங்கரமா வலிக்கும்' என்றும் சொல்ல வேண்டாம். 'எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கும். அம்மா உன்கூடவே இருப்பேன். அழணும்னா அழலாம், கையை மட்டும் ஆட்டாம வெச்சுக்கோ' - இவ்வளவு போதும்.

முக்கியமான இன்னொன்று... 'சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்' என்று வீட்டில் யாரும் மிரட்டக் கூடாது. தாத்தா, பாட்டியிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். சிகிச்சை, தண்டனை அல்ல. 'நான் தப்பு பண்ணினதாலதான் எனக்கு இப்படி' என்று குழந்தைகள் தாங்களாகவே நினைத்துக்கொள்வதுண்டு.

எப்போது சொல்வது?

இரண்டு, மூன்று வயதுக் குழந்தையிடம் நான்கு நாள்களுக்கு முன்பே சொன்னால், நான்கு நாள்களும் பயம்தான். அன்று காலையில் சொன்னால் போதும். ஐந்து, ஆறு வயதென்றால் முதல் நாள் சொல்லலாம். பள்ளிக்குப் போகும் பெரிய பிள்ளைகளுக்குத் தேதியை முன்கூட்டியே சொல்லி, காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தை என்றால் பொம்மைக்கு ஊசி போட்டு, பிளாஸ்டர் ஒட்டி விளையாடவிடுங்கள். மனதில் இருக்கும் பயம் அந்த விளையாட்டில் வெளியே வரும்.

ஊசி போடும் அந்த ஐந்து நிமிடங்கள்

* படுக்கவைத்து நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பதுதான் குழந்தைக்குப் பெரிய அதிர்ச்சி. முடிந்தவரை உங்கள் மடியில், மார்போடு அணைத்து உட்காரவைத்து, ஊசி போடும் கையை மட்டும் நீட்டிப் பிடியுங்கள். 'மடியில வெச்சுக்கட்டுமா சிஸ்டர்?' என்று தயங்காமல் கேளுங்கள்.

* சருமத்தை மரத்துப்போகச் செய்யும் க்ரீம் இருக்கிறது. ஊசி போடுவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு தடவ வேண்டும். உங்கள் குழந்தைக்கு ஏற்றதா, எங்கே, எவ்வளவு தடவுவது என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

* 'ஊசி போட்டுக்கலாமா?' என்று கேட்காதீர்கள். 'வேணாம்' என்றால் என்ன செய்வீர்கள்? 'வலது கையா, இடது கையா?', 'கதை வேணுமா, பாட்டு வேணுமா?' என்று கேளுங்கள். தன் கையில் எதுவுமே இல்லாத இடத்தில், அந்தச் சின்ன முடிவு குழந்தைக்குப் பெரிய தைரியம்.

* சோப்பு நுரை ஊதுவது, காத்தாடியை ஊதிச் சுற்றவைப்பது என மூச்சை நீளமாக வெளியே விடும் விளையாட்டுகள் உடலின் இறுக்கத்தைக் குறைக்கும். வீடியோவும் உதவும். ஆஸ்பத்திரிக்கு என்றே சில வீடியோக்களைத் தனியாக எடுத்துவையுங்கள்.

* அம்மா, அப்பா, சித்தி, சிஸ்டர் என எல்லோரும் ஒரே நேரத்தில் சமாதானம் சொன்னால் குழந்தை குழம்பிப்போகும். ஒருவர் மட்டும் பேசட்டும்.

* இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லையா? 'கொஞ்ச நேரம் விட்டுட்டு, அனுபவமுள்ள வேற யாராவது போடலாமா?' என்று பணிவாகக் கேளுங்கள். அது சண்டையல்ல, உங்கள் பிள்ளைக்காகப் பேசுவது.

ரத்தம் ஏறும்போது

ரத்தம் ஏறி முடிய மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். முதல் 15 நிமிடங்கள் மெதுவாக ஏற்றி, உன்னிப்பாகக் கவனிப்பார்கள். நீங்களும் கவனியுங்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், தடிப்பு, அரிப்பு, முதுகுவலி, மூச்சுத்திணறல்... எது வந்தாலும் எப்போது வந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். 'அழுததால இருக்கும்' என்று நீங்களாகவே முடிவு செய்ய வேண்டாம்.

மீதி நேரத்தைக் கலரிங் புத்தகம், கேரம், பிடித்த தின்பண்டம் என்று ஒரு சின்ன வழக்கமாக மாற்றுங்கள். 'அழாம இருந்தா பரிசு' வேண்டாம். 'கையை ஆட்டாம வெச்சிருந்தியே... சூப்பர்!' என்று குழந்தை செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

நம்பிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்?

ஏற்றும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. இவ்வளவு இரும்பை வெளியேற்றும் வழி நம் உடலில் இல்லை. அது இதயம், கல்லீரல், ஹார்மோன் சுரப்பிகளில் படிந்து பாதிக்கும். அதைக் குறைக்கத் தினமும் மருந்து எடுக்க வேண்டும். குழந்தை சின்னதாக இருக்கும்வரை நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். 14, 15 வயதில்? 'எனக்கு மட்டும் ஏன்?' என்று மாத்திரையை ஒளித்துவைக்கும் வயது அது. மூன்று வயதில் ஊசியைப் பற்றி உண்மை பேசிய அம்மா, அப்பா சொல்வதைத்தான் பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை காது கொடுத்துக் கேட்கும்.

எட்டு, ஒன்பது வயதிலிருந்தே நோயின் பெயர், ஹீமோகுளோபின் அளவு, மருந்தின் பெயர் என எல்லாவற்றையும் சொல்லிக்கொடுங்கள். டாக்டரிடம் ஒரு கேள்வியையாவது பிள்ளையே கேட்கட்டும்.

உங்களுக்காகவும் கொஞ்சம்

எல்லா முறையும் அம்மாவே போக வேண்டும் என்றில்லை. அப்பாவும் முறை வைத்துப் போகலாம். வீட்டில் இருக்கும் இன்னொரு குழந்தைக்கு, 'தம்பிக்கு என்ன ஆச்சு?' என்ற கேள்வி மனதில் இருக்கும். அதற்கும் உண்மையான பதில் வேண்டும், உங்கள் நேரமும் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தலசீமியாவையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் பெறுவது பற்றி உங்கள் மருத்துவமனையில் விசாரியுங்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால், அதற்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுங்கள்.

கண்ணீர் வந்தால் மறைக்க வேண்டாம். 'அம்மாவுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா, இது உனக்குத் தேவை. அதான் கூட்டிட்டு வந்தேன்' என்று சொல்லலாம். வலியை உங்களால் முழுதாக எடுத்துவிட முடியாது. ஆனால், அந்த வலியில் குழந்தையைத் தனியாக விடாமல் இருக்க முடியும்.