அணைக்க முடியாத கரண்ட்

2012 மின்வெட்டை டெல்டா வயர்மேன்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னைக்கு இரண்டு மணி நேரம்; எங்கள் ஊர்களில் பாதி நாளே இருட்டு. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். ஆனால் கரண்டே வராதபோது பேட்டரி எப்படிச் சார்ஜ் ஏறும்? அதனால் வசதியுள்ளவர்கள் மாடியில் பேனல் ஏற்றினார்கள். கிராமத்துக்கு அது புதுசுமில்லை. 2011-ல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கே அரசு சோலார் விளக்கு கொடுத்தது.

அந்தக் காலத்துப் பேனல் சாது. 36 செல், 20 வோல்ட் சொச்சம், ஷாக் அடிக்காது. வில்லங்கமெல்லாம் பேட்டரியில்தான். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கசியும். அந்தப் பேட்டரியைக் கொண்டுபோய் ஜன்னலில்லாத சாமி அறையில், எரிகிற விளக்குக்குக் கீழே வைத்தவர்கள் உண்டு! இரண்டு டெர்மினலையும் ஸ்பேனர் சேர்த்துத் தொட்டால் வெல்டிங் மாதிரி பொறி பறக்கும். மூத்த மெக்கானிக்குகள் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்ட பிறகே பேட்டரியில் கைவைப்பார்கள்.

பிறகு ஆபத்து மாடிக்கு ஏறியது. 2013-ல், மிஞ்சும் சோலார் கரண்டை ஈ.பி. லைனுக்கே கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் வந்தது. 2024-ல் மத்திய அரசின் சூர்யா கர் சோலார் மானியம் 78,000 ரூபாய் வரை கிடைக்க, 3 கிலோவாட் சாதாரணமாகிவிட்டது. பெரும்பாலும் பேட்டரி கிடையாது. ஆறு பேனலைச் சீரிஸில் கோத்தால் 250 வோல்ட் டிசி. ஏசி கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஸ்விட்சைப் பிரித்ததும் பொறி செத்துவிடும். டிசிக்கு அந்த இறக்கமில்லை. பொறி நீண்டு பிளாஸ்டிக்கை உருக்கும். ஏசி எம்.சி.பி.யை டிசி பக்கம் மாட்டிக் காசை மிச்சம் பிடிப்பது அயோக்கியத்தனம் என்றே சொல்வேன். வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்கவும் முடியாது. விடியுமுன் கனெக்டர் போடுவதும், பகலென்றால் தார்ப்பாயால் மூடுவதும் அதனால்தான்.

எர்த்தும் மாறிவிட்டது. கரியும் உப்பும் கொட்டிய குழி போய், கெமிக்கல் எர்த்திங் வந்திருக்கிறது. இடிதாங்கிக்குத் தனிக் குழி.

இப்போது வரும் புகாரே வேறு. “மாடியில வெயில் கொளுத்துது, ஃபேன் ஓடலியே தம்பி?” என்றார் ஒரு பாட்டி. ஈ.பி. கரண்ட் போனால் பேட்டரி இல்லாத இந்த சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் நம் வீட்டுக் கரண்ட் லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்கிறவரை அடித்துவிடும் என்றேன். “அப்ப நிக்கட்டும்” என்று விசிறியை எடுத்துக்கொண்டார்.