2009 பேட்ச்

2019 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு ஓட்டலின் மாடி ஹாலில் கூடினோம். எம்.பி.ஏ. முடித்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. வகுப்பில் அறுபது பேர். வாட்ஸ்அப் குழுவில் 'கண்டிப்பா வர்றேன்' என்று கட்டைவிரல் காட்டியவர்கள் நாற்பது பேர். வந்தது பதினேழு பேர்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இப்போ எங்கே இருக்கே?" கேட்பவருக்கு வேண்டியது கம்பெனி பெயர். "இங்கதான், கொரட்டூர்ல" என்று ஊர்ப் பெயரைச் சொல்பவர்களை அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு ஆறு பேர் ஊர்ப் பெயர் சொன்னார்கள். ஒரு தோழி மட்டும் மறைக்காமல் சொன்னாள்: "என் ரெஸ்யூம் 2013-லயே நின்னு போச்சுடா. அதுக்கப்புறம் ரெண்டு பசங்க, ஒரு மாமியார்."

பிரியாணி வந்தபோது ஒருவன் சொன்னான்: "நாம தப்பான வருஷத்துல படிச்சு முடிச்சோம் மச்சி." எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அப்படியானால் சரியான வருஷம் என்று ஒன்று இருந்ததா?

இருந்தது. அந்த வருஷத்தைப் பற்றிப் புத்தகமே இருக்கிறது.

ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் 1949 பேட்ச். 1974-ல் ஃபார்ச்சூன் பத்திரிகை அவர்களைத் தேடிப் போய், டாலர் மழை கொட்டிய வகுப்பு என்று எழுதியது. 1986-ல் லாரன்ஸ் ஷேம்ஸ் அவர்களைப் பற்றி 'தி பிக் டைம்' என்ற நூலை எழுதினார். ஜெராக்ஸை நடத்திய பீட்டர் மெக்கலோ, ஜான்சன் அண்டு ஜான்சனின் ஜேம்ஸ் பர்க், கேபிடல் சிட்டீஸ் என்ற சிறிய ஒலிபரப்பு நிறுவனத்தை ஏ.பி.சி. தொலைக்காட்சியையே வாங்கும் அளவுக்கு வளர்த்த டாம் மர்ஃபி என எல்லோரும் அந்த ஒரே வகுப்பு.

அவர்களில் பலர் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள். போர்முனையிலிருந்து வந்தவர்களின் படிப்புச் செலவை 1944-ல் வந்த ஜி.ஐ. சட்டத்தின்படி அமெரிக்க அரசே ஏற்றது. படித்து வெளியே வந்தபோது ஐரோப்பாவின் ஆலைகளும் ஜப்பானின் ஆலைகளும் இடிந்து கிடந்தன, அமெரிக்க ஆலைகள் மட்டும் முழுசாக நின்றன. முப்பதுகளின் பெருமந்தத்தில் கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைத்திருந்ததால், நடு வயது மேலாளர்களுக்கும் பஞ்சம். காலி நாற்காலிகள் நிறைய இருந்த நேரத்தில் இவர்கள் உள்ளே நுழைந்தார்கள். திறமை இல்லை என்று சொல்ல வரவில்லை. அதே திறமையோடு 1931-ல் வெளியே வந்தவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அதே 1949-ல்தான் நம்ம ஊரிலும் ஒரு கதவு திறந்தது. முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது, ஆலை அம்பத்தூரில். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். உருவானதும் 1961-ல்தான். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் பத்துப் பதினைந்து வருஷத்தில் ஷிஃப்ட் சங்குக்கு எழுந்திருக்கப் பழகின.

எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் அந்தச் சங்குக்கு எழுந்தவர்கள். ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ, அப்ரண்டிஸ், பிறகு கன்ஃபர்மேஷன். "பாடியில கம்பெனி வேலை" என்றால் எழுபதுகளில் பெண் கொடுக்க அது போதும். கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, தீபாவளி போனஸ். கொரட்டூரிலும் திருமுல்லைவாயிலிலும் அரை கிரவுண்டு வாங்கிப் போட்டார்கள். அவர்களிடம் கேட்டால், உழைச்சோம், முன்னுக்கு வந்தோம் என்பார்கள். உழைத்தார்கள், உண்மை. 1949 ஹார்வர்ட்காரர்களைப் போலவே, ஆள் தேவைப்பட்ட நேரத்தில் வாசலில் நின்றார்கள் என்பதும் உண்மை.

அந்த 1961-லேயே இன்னொரு கதவும் திறந்தது. நவம்பரில் கல்கத்தாவில், டிசம்பரில் அகமதாபாத்தில் என்று முதல் இரண்டு ஐ.ஐ.எம்.கள். கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளி துணை, அகமதாபாத்துக்கு ஹார்வர்ட். அகமதாபாத்தின் முதல் பேட்ச் 1966-ல் வெளியே வந்தது. சென்னை லயோலாவில் படித்துவிட்டுப் போன சி.கே. பிரகலாத் அதில் ஒருவர். ஒரே வருஷத்தில் நாடு ஒரு பக்கம் ஷாப் ஃப்ளோரைக் கட்டியது, மறுபக்கம் அதைக் கண்ணாடி அறையிலிருந்து பார்க்கப் போகிறவர்களுக்குப் பள்ளி கட்டியது. அப்பாக்களுக்கு முதல் கதவு தெரியும். இரண்டாவது கதவு இருப்பதை மேனேஜரின் ஆங்கிலத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். "என் பையன் அந்த ரூமுக்குள்ள உக்காரணும்" என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

அந்த ஆசைக்குக் கல்லூரி கிடைக்க இன்னும் காலம் ஆனது. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு சாலைகளில் கல்லூரிகள் முளைத்தன, அவற்றுக்குள் எம்.பி.ஏ. துறைகள் வந்தன. 2001-ல் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. 4 லட்சம் வரை அடமானம் வேண்டாம், அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். எங்கள் அப்பாக்கள் போட்டார்கள்.

2007-ல் சேர்ந்தோம். சென்செக்ஸ் ஏறிக்கொண்டே இருந்தது. எஸ்டேட்டில் பழைய ஷெட்டுகளை இடித்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. சீனியர்கள் கையில் இரண்டு ஆஃபர் லெட்டர் வைத்திருந்தார்கள். மூன்றாவது செமஸ்டரில், 2008 செப்டம்பர் 15 அன்று, நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. அந்தப் பெயரை நாங்கள் சரியாக உச்சரிக்கக் கற்பதற்குள் கேம்பஸ் இன்டர்வியூ பட்டியலில் பாதி காணாமல் போயிருந்தது. நான்காவது செமஸ்டரில், 2009 ஜனவரி 7 அன்று, ராமலிங்க ராஜு சத்யம் நிறுவனத்தின் கணக்குகளே பொய் என்று கடிதம் எழுதினார். கார்ப்பரேட் கவர்னன்ஸுக்கு உதாரணமாக நாங்கள் பரீட்சையில் எழுதியிருந்த கம்பெனி அது.

அந்த வருஷம் கிடைத்த வேலைகள்: கிரெடிட் கார்டு விற்பது, இன்சூரன்ஸ் ஏஜென்டுகளைச் சேர்ப்பது, கடன் வசூலுக்குப் போன் போடுவது, எஸ்டேட் கண்ணாடிக் கட்டடத்தில் நைட் ஷிஃப்ட். அப்பா இறங்கிய அதே ஸ்டாப்பில் பையனும் இறங்கினான், இவன் இறங்கியது ராத்திரியில் என்பதுதான் வித்தியாசம்.

அந்தப் பிரியாணி மேசை வாக்கியத்தைப் பொருளாதார ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். லிசா கான், 1979-க்கும் 1989-க்கும் இடையில் பட்டம் வாங்கிய அமெரிக்க வெள்ளை ஆண்களை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார். பட்டம் வாங்கும் நேரத்தில் வேலையின்மை 1 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்தால், தொடக்கச் சம்பளம் 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. 15 வருஷம் கழித்தும் அந்த இழப்பு முழுசாக ஆறுவதில்லை, சுமார் 2.5 சதவீதம் மிச்சம் நிற்கிறது. பால் ஓயர், ஸ்டான்ஃபோர்டு எம்.பி.ஏ. பட்டதாரிகளைப் பார்த்தார். படிப்பு முடியும்போது பங்குச் சந்தை நன்றாக இருந்தால் வால் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறார்கள், பல வருஷம் கழித்தும் அங்கேயே இருக்கிறார்கள். சந்தை விழுந்த வருஷத்தில் முடித்தவர்கள் வேறு பக்கம் போய் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டுக்கே அந்த நிலைமை என்றால் திருவேற்காடு சாலைக்கு என்ன கணக்கு?

ஆனாலும் எல்லாவற்றையும் வருஷத்தின் தலையில் கட்டிவிட முடியாது. அந்த மேசையில் இருந்த பதினேழு பேருக்கும் ஒரே வருஷம்தான். கடன் இல்லாதவன் ஒரு வருஷம் காத்திருந்து 2010-ல் நல்ல வேலைக்குப் போனான். மாதத் தவணை கட்ட வேண்டியவன் கிடைத்ததைப் பிடித்தான். மேலே சொன்ன தோழி எங்கள் வகுப்பில் இரண்டாவது ரேங்க். மந்தம் அவள் சம்பளத்தைக் கொஞ்சம்தான் குறைத்தது. வேலையை முழுசாக வாங்கிக்கொண்டது வீடு. வகுப்பறையில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்பதற்காக நாங்கள் ஒரே இடத்திலிருந்து ஓடத் தொடங்கியவர்கள் ஆகிவிட மாட்டோம்.

வராதவர்களில் ஒருவனைத்தான் எல்லோரும் கேட்டோம். ஃபைனான்ஸில் எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன். மறுநாள் போன் போட்டேன். இரண்டாவது முறை எடுத்தான். 2009-ல் வேலை அமையாமல், அப்பா எஸ்டேட்டில் வைத்திருந்த சின்ன லேத் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறான். வண்டி உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க். 2019-ல் நாடு முழுக்க வாகன விற்பனை சரிந்திருந்தது. அந்த செப்டம்பரில் எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலைக்கே 16 நாள் வேலையில்லா நாட்கள் அறிவித்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை வந்திருக்கலாமேடா," என்றேன்.

"எனக்கு இப்போ எல்லா நாளும் ஞாயித்துக்கிழமைதான்," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "என்னன்னு சொல்லிட்டு வர்றது? கிளாஸ்ல அவ்ளோ பேசினவன், ஒரு இன்டர்வியூ கூட ஒழுங்கா கிளியர் பண்ணலன்னா?"

அந்த வருஷம் கிளியர் பண்ண இன்டர்வியூவே இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். லேமன் பற்றி எங்களுக்கு விளக்கியதே அவன்தான். ஆனாலும் பத்து வருஷமாக அதைத் தன் தோல்வியாகவே வைத்திருந்தான். ஜெயித்தவர்கள் தங்கள் வருஷத்தை மறந்துவிடுகிறார்கள், தோற்றவர்களுக்கும் தங்கள் வருஷம் ஞாபகம் வருவதில்லை. முதல் ஆளுக்கு அது கர்வம், இரண்டாவது ஆளுக்கு வெட்கம். லிசா கானின் ஆய்வை அவனிடம் சொன்னேன். "அதை பேங்க்ல காட்டினா வட்டி குறைப்பானா?" என்று கேட்டான். குறைக்க மாட்டான். ஆனால் அடுத்த ஞாயிறு எஸ்டேட் டீக்கடைக்கு வந்தான். மூன்று மணி நேரம் பேசினோம். "இப்போ எங்கே இருக்கே?" என்று நான் கேட்கவில்லை.

ஆறு மாதத்தில் கொரோனா வந்தது. 2020-ல் படிப்பை முடித்தவர்கள் கடைசிப் பரீட்சையைக்கூட வகுப்பறையில் எழுதவில்லை. அவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் பத்தாவது வருஷக் கூட்டம் 2030-ல் வரும். 'என்னன்னு சொல்லிட்டு வர்றது' என்று அன்றைக்கு யாராவது வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பிரியாணி ஆர்டர் பண்ணுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.