ஜெஃபர்சன், தாமஸ்

ஜெஃபர்சன், தாமஸ் (1743–1826): அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மூன்றாம் குடியரசுத் தலைவர் (1801–1809). 1776ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனத்தை முதன்மையாக வரைந்தவர். வர்ஜீனியாவில் பிறந்தார்.

கல்விக் கொள்கை: கல்லாத மக்களிடையே மக்களாட்சி நிலைக்காது என்றும், வரலாறு கற்ற குடிமக்களே கொடுங்கோன்மையைத் தொடக்கத்திலேயே இனங்காண்பர் என்றும் கருதினார். 1779இல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு வந்த அவரது மசோதா, அடிமைகள் அல்லாத சிறுவர் சிறுமியர் அனைவருக்கும் மூன்றாண்டு இலவசக் கல்வியும், திறன்மிக்க ஏழைச் சிறுவர் சிலருக்கு அரசுச் செலவில் மேற்படிப்பும் வழங்க முற்பட்டது. அப்போது அது நிறைவேறவில்லை. 1819இல் அவர் நிறுவிய வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மையத்தில் தேவாலயத்துக்குப் பதிலாக நூலகம் அமைந்தது. அதன் கட்டுமானத்தில் அடிமைகளின் உழைப்பும் இருந்தது.

அடிமைமுறை: அடிமைமுறையை அறக்கேடு எனக் கண்டித்த ஜெஃபர்சன், வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். கறுப்பின மக்களின் அறிவாற்றலை ஐயுற்றும் எழுதினார். அவரது மான்டிசெல்லோ பண்ணையின் ஆணிப் பட்டறையில் 10 முதல் 16 வயதுச் சிறுவர்கள் உழைத்தனர். ஒவ்வொருவரும் வீணாக்கிய இரும்பையும் அவர் கணக்கெழுதினார். அடிமை இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டத்தில் 1807இல் கையொப்பமிட்டார். அடிமைப் பெண்ணான சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு அவரே தந்தை என்பதை, 1998இன் மரபணு ஆய்வுக்குப்பின் பெரும்பாலான வரலாற்றாளர்கள் ஏற்கின்றனர். அவரது உயில் ஐவரை மட்டுமே விடுவித்தது. கடன் சுமையால் 1827இல் மற்றவர்களில் பலர் ஏலத்துக்கு வந்தனர். விடுதலை பெற்ற கொல்லர் ஜோ ஃபாசெட்டின் மனைவி மக்களும் அதில் விற்கப்பட்டனர்.